இரண்டு வாசல்: குடும்ப வன்முறைச் சட்டம் எங்கே வேலை செய்கிறது, எங்கே கசிகிறது

ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பெண் புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்து நின்றால், ஊர் அவளுக்குச் சொல்லும் யோசனை இரண்டுதான். பொறுமைசாலிகள் "பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ" என்பார்கள். பொறுமை தீர்ந்தவர்கள் "மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடு" என்பார்கள். மூன்றாவது வழி ஒன்று 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்பது அதன் முழுப்பெயர். வக்கீல்கள் சுருக்கமாக டி.வி. (டொமஸ்டிக் வயலன்ஸ்) கேஸ் என்பார்கள்.

காவல் நிலைய வாசலுக்கும் இந்த வாசலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. குற்றவியல் சட்டம் நடந்து முடிந்ததைப் பார்க்கிறது: என்ன செய்தான், நிரூபிக்க முடியுமா, எத்தனை வருடம் தண்டனை. குடும்ப வன்முறைச் சட்டம் இனி நடக்கப்போவதைப் பார்க்கிறது: இன்று இரவு இவள் எங்கே படுப்பாள், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது, அவன் கை மறுபடி நீளாமல் எப்படித் தடுப்பது. முதல் வாசலில் கிடைப்பது எஃப்.ஐ.ஆர்., இரண்டாவது வாசலில் கிடைப்பது நீதிபதியின் ஆணை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85வது பிரிவாக மாறியிருக்கிறது. கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமைக்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் புகார் கொடுத்ததும் கைது என்ற காலம் போய்விட்டது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்றது. இது தெரியாமல் போகும் பெண், அவன் மறுநாளே கடைத்தெருவில் நிற்பதைப் பார்த்து, "சட்டமே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாள். இன்னொரு பக்கம், கடற்கரையில் பல பெண்களுக்கு அவன் உள்ளே போவதே வேண்டாம். அவன் ஜெயிலில் இருந்தால் படகில் இருந்து வரும் பங்கு நின்றுவிடும். அடி நிற்க வேண்டும், வருமானமும் வர வேண்டும் என்பவளுக்காகவே எழுதப்பட்டது இரண்டாவது சட்டம். இதில் மனுப்போட விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. தாலியோடு, நிக்காஹ் பதிவோடு, அதே வீட்டில் இருந்தபடியே வழக்கு நடத்தலாம்.

இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் தட்டவும் தடையில்லை. எலும்பு முறிவு, தீக்காயம், வரதட்சணை மிரட்டல் என்றால் இரண்டும் வேண்டும்.

யார் கேட்கலாம், எதைக் கேட்கலாம்

மனைவி மட்டும் என்று நினைப்பது பெரிய பிழை. ஒரே வீட்டில் வாழ்ந்த அல்லது வாழ்கிற தாய், மகள், அக்கா, தங்கை, விதவை மருமகள் எல்லோரும் இதில் வருவார்கள். குடிகார மகனிடம் அடிவாங்கும் தாய்மார் இந்தக் கடற்கரையில் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்களிடம் யாரும் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதில்லை. கடலில் கணவனைப் பறிகொடுத்தவளை மாமனார் வீடு வெளியே தள்ளினாலும் இதே சட்டம்தான். மதம் குறுக்கே வராது. தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் கீழக்கரை முஸ்லிம் பெண்ணுக்கும் தேவிபட்டினத்து இந்துப் பெண்ணுக்கும் ஒரே பிரிவுகள். எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரியை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டதால் மாமியார் மேலும் நாத்தனார் மேலும் கேட்கலாம்.

வன்முறை என்பதைச் சட்டத்தின் 3வது பிரிவு நான்காகப் பிரிக்கிறது: உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருளாதாரம். பாலியல் வன்முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதைக் குற்றவியல் சட்டம் இன்றுவரை பாலியல் வல்லுறவாகக் கணக்கில் எடுப்பதில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் அதை வன்முறை என்றே ஏற்கிறது. முதல் வாசலில் இந்த வகையில் சொல்ல முடியாததை இரண்டாவது வாசலில் சொல்ல முடியும்.

பொருளாதார வன்முறைதான் நம் ஊரில் அதிகம் கண்ணில் படாமல் போவது. தீவுப் பக்கம் கடல்பாசி எடுத்து வந்த காசை வியாபாரியிடமிருந்து கணவன் நேராக வாங்கிக்கொள்வது, சீதன நகையை அவளைக் கேட்காமல் அடகு வைப்பது, மகளிர் குழுக் கடனை அவள் பெயரில் எடுக்கச் சொல்லித் தவணை கட்டாமல் விடுவது, மாதாமாதம் மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை அவன் பையில் வைத்துக்கொள்வது, எல்லாம் இதில் வரும். "குடும்பத்துல இதெல்லாம் சகஜம்" என்று அவளே சொல்லாமல் விட்டுவிடுவதால் மனுவில் ஏறாமல் போகிறது. மனுவில் இல்லாததற்கு ஆணை கிடைக்காது.

முதல் இரண்டு நாள்

ஆபத்து கண்முன் இருந்தால் 112, இல்லையென்றால் பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் வேலை செய்பவை. தங்க இடமில்லை என்றால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குறுகிய காலம், வழக்கமாக 5 நாள் வரை தங்கலாம். மருத்துவம், சட்ட ஆலோசனை, போலீஸ் தொடர்பு மூன்றும் அங்கேயே ஏற்பாடாகும். வளர்ந்த மகனை உடன் தங்கவைக்க வயது வரம்பு உண்டு. இதைப் போனிலேயே கேட்டுக்கொண்டு போனால் நள்ளிரவில் வாசலில் நின்று திண்டாட வேண்டாம்.

அடுத்து ஆஸ்பத்திரி. வழக்கு பலமாக இருக்குமா என்பது பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். "எப்படி ஆச்சு?" என்ற கேள்விக்கு, உடன் வந்த மாமியாருக்குப் பயந்து, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அதுவே ஏட்டில் ஏறும். ஒரு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போகும் காகிதம் அதுதான். "கணவர் இன்ன பொருளால் இன்ன இடத்தில் அடித்தார்" என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிக்காயம் இல்லாமல் காது கேட்கவில்லை, வயிற்றில் வலி என்றாலும் சொல்லிப் பதிய வேண்டும். கன்றிப்போன இடத்தை அன்றும், நிறம் மாறியபின் மூன்றாம் நாளும் போட்டோ எடுத்து வைக்கலாம். போனை மாற்றவோ வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அழிக்கவோ கூடாது. மூலப் பதிவு இருக்கும் போன்தான் சாட்சி.

பிறகு பாதுகாப்பு அலுவலர். இந்தச் சட்டத்தின் அச்சாணி இவர்தான், ஊரில் யாருக்கும் தெரியாதவரும் இவர்தான். சமூக நலத் துறையின்கீழ் வருகிறார், ராமநாதபுரத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். பாதிக்கப்பட்டவளே போக வேண்டும் என்றில்லை. தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 4வது பிரிவு காப்பாற்றுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போய்விடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனி மூன்று நாளில் அதுவும் ஒன்று. விசைப்படகில் போகிறவன் திங்கள் போனால் செவ்வாய் காலைதான் கரைக்கு வருவான். அவன் கண்ணில் படாமல் வெளியே போக முடியாத பெண்ணுக்கு இந்தக் கணக்கு உதவும்.

பாதுகாப்பு அலுவலர் செய்யும் முதல் வேலை, படிவம் 1இல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவது. சுருக்கமாக டி.ஐ.ஆர். எந்த நாள், எந்த இடம், யார், எந்த வகை வன்முறை என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு நகல் நீதிபதிக்கும் ஒரு நகல் காவல் நிலையத்துக்கும் போகும். தனக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்வது அவள் வேலை.

தேதி கேட்டால்தான் பலரும் திணறுவார்கள். "எப்பப் பார்த்தாலும் அடிப்பாரு" என்பது உண்மையாக இருந்தாலும் நீதிமன்றத்துக்குப் போதாது. நாள்காட்டி நினைவில் இல்லாவிட்டாலும் திருவிழா நினைவில் இருக்கும். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு மறுநாள், கச்சத்தீவு திருவிழாவுக்குப் படகு போன ராத்திரி, மீன்பிடித் தடைக்காலம் விட்டு முதல் முறை கடலுக்குப் போகும் முன்னால், ஆடி அமாவாசைக் கூட்டத்தின்போது. அப்படியே சொன்னால் போதும், எழுதுபவர் அதைத் தேதியாக மாற்றிவிடலாம். பெரிய சம்பவங்கள் மூன்று நான்கை முழு விவரத்தோடு சொல்வது, முப்பதை மேலோட்டமாகச் சொல்வதைவிட வலுவானது.

டி.ஐ.ஆர். இல்லாமல் மனுப்போட முடியாதா? முடியும். 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வக்கீல் வழியாகவோ தானாகவோ நேராக நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகலாம். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பவும் முடியாது. மனுப்போட ஒரு வருடக் கெடு எதுவும் இல்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில், அதே 2022இல் தீர்ப்பு வந்தது. வக்கீலுக்குப் பணமில்லை என்பதும் தடையில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு, அல்லது 15100க்கு ஒரு போன்.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். அடி நடந்தது சென்னையிலோ மங்களூரிலோ இருக்கட்டும், அவள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் நீதிமன்றமே போதும் என்கிறது 27வது பிரிவு. தாய்வீடு மண்டபம் என்றால் மண்டபம் எந்த நடுவரின் எல்லையோ அங்கே.

ஆணையில் என்னென்ன கேட்பது

12வது பிரிவில் ஒரே மனுவாகப் போடுவார்கள், ஆனால் உள்ளே கேட்பவை ஐந்து விதம். 18வது பிரிவு பாதுகாப்பு ஆணை: அடிக்கக்கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, போனில் கூப்பிடக்கூடாது, கூட்டுச் சொத்தையும் சீதனத்தையும் விற்கக்கூடாது. 19வது பிரிவு வசிப்பிட ஆணை. 20 பணம். 21 பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உரிமை. 22 மன வேதனைக்கும் காயத்துக்கும் இழப்பீடு.

வசிப்பிட ஆணையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். "வீடு எங்கம்மா பேர்ல இருக்கு, உனக்கு என்ன உரிமை?" என்பதுதான் இங்கே முதல் பதில். சட்டம் கேட்பது, அவள் குடும்ப உறவில் அந்த வீட்டில் வாழ்ந்தாளா என்பதையே, பட்டா யார் பெயரில் என்பதை அல்ல. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடும் பகிர்ந்து வாழும் வீடாகலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகை வீடும் அப்படியே. பட்டாவே இல்லாத மீனவக் குடியிருப்புகளுக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் இதனால் அவளுக்குச் சொத்துரிமை வராது, குடியிருக்கும் உரிமை மட்டும். வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் எடைபோடும். அதனால் சில வழக்குகளில் அதே தரத்தில் வாடகை வீடு எடுத்துக் கொடுக்கச் சொல்வதோடு முடியும்.

கீழக்கரையில் பல குடும்பங்களில் கதை தலைகீழ். மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவது அங்கே வழக்கம். அவளுடைய சொந்த வீட்டிலேயே அடி விழுந்தால் அவள் ஏன் வெளியே போக வேண்டும்? அவன் வெளியேற வேண்டும் என்று 19வது பிரிவில் கேட்கலாம். ஒரு வரம்பு: வெளியேறச் சொல்லும் இந்த ஆணையைப் பெண்களுக்கு எதிராகக் கேட்க முடியாது. மாமியாரை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.

"குடித்துவிட்டு வீட்டுக்குள் வரக்கூடாது" என்றும் நிபந்தனை கேட்கலாம். நடுவருக்குக் கூடுதல் நிபந்தனை போடும் அதிகாரம் உண்டு. குடியைக் காரணம் காட்டித் தப்பிப்பதைப் பற்றி ஒன்று: போதையில் தெரியாமல் அடித்தேன் என்பவன் ஏலக்கூடத்தில் படகு முதலாளியை அடிப்பதில்லை.

இறுதி ஆணை வரை காத்திருக்கக் கூடாது. மனுவோடு சேர்த்தே 23வது பிரிவில் இடைக்கால ஆணை கேட்க வேண்டும். ஆபத்து அவசரமானது என்றால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே, படிவம் 3இல் அவள் கொடுக்கும் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் வைத்து நடுவர் ஆணையிடலாம். அந்த வாக்குமூலத்தில் "கொடுமைப்படுத்தினார்" என்ற சொல் பத்து முறை இருந்து பயனில்லை. கடைசியாக நடந்தது என்ன, இன்று என்ன பயம், ஏன் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஊரில் இல்லாத நாத்தனார், திருப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தன் என்று எல்லோர் பெயரையும் சேர்ப்பது இன்னொரு வழக்கமான பிழை. அவர்கள் ஒவ்வொருவரும் தங்களை நீக்கச் சொல்லித் தனித்தனி மனுப்போட, மெயின் வழக்கு அங்கேயே நின்றுவிடும். செய்தவர் பெயர் மட்டும் போதும்.

நோட்டீஸ் என்ற நண்டுப்பிடி

சட்டப்படி மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். பாதுகாப்பு அலுவலர் 2 நாளுக்குள் நோட்டீஸைச் சேர்க்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க நடுவர் முயல வேண்டும். காகிதத்தில் அழகான கணக்கு. நடப்பில் வாய்தா மேல் வாய்தா போய் வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் உண்டு. முதல் இழுப்பு நோட்டீஸில்தான். விசைப்படகில் போகிறவன் செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு கரையில் இருப்பான், நாட்டுப்படகுக்காரன் அந்த நாள்களில்தான் கடலில் இருப்பான். எந்தப் படகு, எந்த இறங்குதளம், யார் முதலாளி என்று மனுவின் முகவரியோடு எழுதிக் கொடுத்தால் நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். சிலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விடுவதும் உண்டு, அதையும் சொல்லி வைக்க வேண்டும். கணவர் சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவர், என்றால் அங்குள்ள கம்பெனி முகவரி, மின்னஞ்சல், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்ப நீதிமன்ற அனுமதி கேட்கலாம்.

பணம் கேட்கும் பகுதியில் இன்னொரு சிக்கல். சம்பளச் சீட்டு இருப்பவனுக்கு முதலாளியே பிடித்தம் செய்து அவளுக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று 20வது பிரிவில் ஆணை வாங்கலாம். கடல் தொழிலில் பங்குக் கணக்கு. முதலாளியிடம் அவன் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருப்பான். "எனக்கே பாக்கி, நான் எதைப் பிடிக்கிறது?" என்பார் முதலாளி. இதைச் சமாளிக்க, அவனுடைய வருமானத்துக்கு வேறு தடயம் வேண்டும்: சொந்தப் படகு என்றால் பதிவுச் சான்று, மானிய டீசல் கணக்கு, மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதி டோக்கன்களின் எண்ணிக்கை. ஒரு படகு மாதத்தில் எத்தனை தடவை போனது என்பது டோக்கனில் தெரியும், அந்தப் பதிவேட்டை வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம். 2020இல் ரஜ்னீஷ் எதிர் நேகா தீர்ப்புக்குப் பிறகு இருவருமே சொத்து, வருமானம், செலவு பற்றிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சமும் மனுப்போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அவள் தன் பத்திரத்தில் பாசி வருமானத்தை மறைத்தால் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும். கொஞ்சம் சம்பாதிப்பதால் மட்டும் ஜீவனாம்சம் மறுக்கப்படாது, மறைத்தால்தான் ஆபத்து.

எங்கே கசிகிறது

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாட்டுச் சராசரி சுமார் 29. அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுக்க 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டவர்கள். 77 சதவீதம் பேர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு மாவட்டத்தில் வழக்கு எண்ணிக்கை குறைவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் பயனளிக்கிறதா என்பதை எத்தனை பேருக்குத் தண்டனை என்று அளப்பதும் சரிவராது, ஏனென்றால் இந்தச் சட்டத்தின் முதல் வேலை தண்டனை இல்லை. இடைக்கால ஆணை எத்தனை நாளில் வந்தது, மீறியபோது வழக்குப் பதிவானதா, ஆணையில் சொன்ன பணம் கைக்கு வந்ததா என்ற மூன்றையும் எண்ண வேண்டும். எங்கும் ஒழுங்காக எண்ணப்படாதவை இவைதான்.

பெரிய கசிவு, வாசலுக்கு வரும் முன்பே நடக்கிறது. நாட்டிலேயே முதல் முயற்சிகளில் ஒன்றாகத் தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று இந்தக் கரையிலும் உண்டு. பெண் அதிகாரியிடம் வாய்திறந்து பேச முடிந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் காலப்போக்கில் அவை பஞ்சாயத்துப் பேசும் இடமாகவும் ஆகிவிட்டன. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது மட்டும் கொடுப்பார்கள், இருதரப்பையும் கூப்பிடுவார்கள், "இனி ஒழுங்கா இருப்பேன்" என்று அவன் எழுதிக் கொடுப்பான், "சமாதானமாகப் போகிறேன்" என்று அவள் எழுதிக் கொடுப்பாள், மனு முடித்துவைக்கப்படும். மூன்றாவது மாதம் மறுபடி அதே காயம், மறுபடி அதே பெஞ்ச். பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் உண்டு என்று அவளிடம் சொல்வது 5வது பிரிவின்படி போலீசின் கடமை. அதைச் சொல்லாமல் சமாதானம் பேசுவது உதவி ஆகாது.

ஊர்க்கூட்டமும் ஜமாஅத்தும் பங்குச் சாமியாரும் பேசித் தீர்ப்பதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை, அந்தப் பேச்சு அவளைச் சட்டத்தின் முன் கட்டுப்படுத்தாது என்பது மட்டும்தான். பெரும்பாலோர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவன் கையெழுத்துப் போட்ட காகிதம், அதுவரை அடித்தான் என்பதற்கு அவனே எழுதிய சாட்சியம். ஊர் நோட்டிலோ ஸ்டேஷனிலோ அப்படி எழுதினால் உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் 14வது பிரிவில் அனுப்பும் கவுன்சிலிங் வேறு வகை. அங்கே அவன் அடித்ததற்கு நியாயம் கற்பிக்கவே விதிகள் இடம் தருவதில்லை. "அவ வாய் சும்மா இருக்கல" என்ற வாதம் அந்த அறைக்குள் எடுபடாது, எடுபட்டால் கவுன்சிலர் மேல் புகார் சொல்லலாம்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ஒப்புதல் அட்டையை வைத்துக்கொண்டு, நடுவரிடம் போக வேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்று அனுப்பவும் முடியாது, எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். பாதுகாப்பு அலுவலர் பற்றாக்குறை வேறொரு கசிவு. மாவட்டம் முழுவதற்கும் ஓரிருவர் என்றால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை அவரால் ஓட முடியாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாவட்டத்தோடு வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களைக் குறிப்பிட வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. திருவாடானைக்கோ ராமேஸ்வரத்துக்கோ யார் என்று சமூக நல அலுவலகத்தில் கேட்பது நியாயமான கேள்வி.

ஆணை கைக்கு வந்த பிறகு

ஆணையின் நகலை இருதரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 24வது பிரிவு. நிலையத்துக்குப் போனதா என்று அவளே ஒரு நடை போய்ப் பார்த்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால், மீறல் நடந்த இரவில் பணியில் இருப்பவர் "இது சிவில் மேட்டர், கோர்ட்ல போய்ச் சொல்லு" என்பார். பாதுகாப்பு ஆணையை மீறுவது 31வது பிரிவின்படி குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அவளுடைய ஒரே சாட்சியை வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

இந்த 31 பேசுவது பாதுகாப்பு ஆணையைப் பற்றி மட்டும். வீட்டுக்குள் விடவில்லை, பணம் தரவில்லை என்பதற்கெல்லாம் அது நேராகப் பாயுமா என்பதில் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதனால் மனு எழுதும்போதே, "வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது, தண்ணீர் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது, நகையை விற்கக்கூடாது" என்ற வரிகளை 18வது பிரிவின்கீழும் சேர்த்துக் கேட்பது அனுபவமுள்ள வக்கீல்களின் பழக்கம். வசிப்பிட ஆணையை நிறைவேற்ற நிலைய அதிகாரி உடன் போக வேண்டும் என்றும் 19இலேயே கேட்டு வாங்கலாம்.

பணம் வராவிட்டால் ஜீவனாம்சப் பாக்கியை வசூலிக்கும் அதே முறை: பாக்கிக்காக ஒரு மனு, வாரண்ட், அப்போதும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த மனுவைப் போட வேண்டும். "தடைக்காலம் முடியட்டும், தந்துடுறேன்" என்று அவன் சொன்னதை நம்பி இரண்டு தடைக்காலம் காத்திருந்தால் முதல் வருடப் பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகும். ஆகவே நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாக்கி மனுப்போடுவது என்று வக்கீலிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி ஆணையிலேயே எழுத வைக்க வேண்டும். அந்தக் கணக்கின் அட்டை அவளிடம் இருக்க வேண்டும், ஓ.டி.பி. வரும் போன் எண்ணும் அவளுடையதாக இருக்க வேண்டும்.